ஸ்கேன் படிக்கும் பாடம் பிறந்த கதை

2011 ஜனவரி 20 அன்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் நிபுணர் குழு ஃப்ளோர்பெட்டாபிர் என்ற மருந்தை எடைபோட உட்கார்ந்தது. இது நோயைத் தீர்க்கும் மருந்தல்ல. நரம்பில் ஏற்றினால் மூளைக்குப் போய், அல்சைமர் நோயின் அடையாளமான அமிலாய்டு படிவுகளில் ஒட்டிக்கொண்டு, பெட் ஸ்கேனில் அவற்றைக் காட்டிக்கொடுக்கும் கதிரியக்கப் பொருள். இருக்கிற நிலையில் அனுமதிக்கலாமா என்று கேட்டபோது 13 பேர் வேண்டாம் என்றார்கள், 3 பேர் சரி என்றார்கள். படம் பார்க்கிற மருத்துவர்களுக்கு முறையான பயிற்சி கொடுத்தால் அனுமதிக்கலாமா என்று அடுத்த கேள்வி வந்தது. 16 பேரும் சரி என்றார்கள்.

ஆக, மருந்து தேறிவிட்டது. தேறாமல் நின்றது படத்தைப் பார்க்கும் கண்.

1906-இல் அலோய்ஸ் அல்சைமர் தன் நோயாளியின் மூளையில் இந்தப் படிவுகளை விவரித்தார், அதுவும் அந்த நோயாளி இறந்த பிறகு. அதன்பின் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு அதே கதைதான். உயிரோடு இருப்பவருக்கு மருத்துவர் சொன்னது சரியா என்பது பிணக்கூராய்வில்தான் உறுதியானது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் வில்லியம் கிளங்கும் செஸ்டர் மாத்திஸும் உருவாக்கிய ஒரு பொருள் 2002-இல் ஸ்வீடனின் உப்சாலாவில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செலுத்தப்பட்டபோது அந்த நிலை மாறியது. ஆனால் அதிலிருந்த கார்பன்-11 இருபதே நிமிடங்களில் பாதியாகத் தேய்ந்துவிடும். அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் இயந்திரத்தை வைத்திருக்கும் பெரிய ஆய்வு மையங்களைத் தாண்டி அது போக வழியில்லை. பாதியாகத் தேய 110 நிமிடம் எடுக்கும் ஃப்ளோரின்-18 கொண்டு பிலடெல்பியாவின் ஏவிட் நிறுவனம் செய்ததுதான் ஃப்ளோர்பெட்டாபிர். 2010 கடைசியில் எலி லில்லி நிறுவனம் ஏவிட்டையே வாங்கிக்கொண்டது.

குழுவின் முன் வைத்த ஆதாரம் வலுவானதுதான். வாழ்நாள் முடியும் தறுவாயில் இருந்தவர்களை ஸ்கேன் எடுத்து, இறந்த பின் மூளையை ஆராய்ந்து, இரண்டையும் ஒப்பிட்டிருந்தார்கள். நன்றாகவே ஒத்துப்போயிற்று. சிக்கல் மதிப்பெண் போட்ட விதத்தில் இருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் மூன்று பேர் 0 முதல் 4 வரை மதிப்பெண் கொடுக்க, நடுவில் வந்ததைக் கணக்கில் எடுத்தார்கள். ஒருவர் தடம் மாறினாலும் மற்ற இருவரும் அவரை மறைத்துவிடுவார்கள். ஆஸ்பத்திரியில் படம் பார்ப்பவரோ ஒருவர். அவருக்கு நடு மதிப்பெண் கிடையாது. குடும்பத்துக்கு வேண்டியதும் 0 முதல் 4 அல்ல; படிவு உண்டா இல்லையா என்ற ஒற்றைப் பதில்.

2011 மார்ச்சில் நிர்வாகம் பயிற்சித் திட்டம் கேட்டு மருந்தைத் திருப்பி அனுப்பியது. அப்படிப் பிறந்ததுதான் இந்தப் பாடம்.

பாடத்தின் முதல் விதி, படத்தைக் கறுப்பு வெள்ளையில் பார்க்க வேண்டும். வண்ணத்தில் எங்கே மஞ்சள் முடிந்து சிவப்பு தொடங்க வேண்டும் என்பதை யார் வேண்டுமானாலும் நகர்த்திவிடலாம். அடுத்து, கறுப்பாக இருந்தால் நோய் என்ற எண்ணத்தை விட வேண்டும். படிவே இல்லாத மூளையிலும் உள்ளே இருக்கும் வெண்பொருள் இந்த மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் படிவில்லாத மூளையில் வெண்பொருள் கறுத்தும் அதைச் சூழ்ந்த சாம்பல் பொருள் வெளிறியும் தெரியும். இரண்டுக்கும் நடுவே எல்லை பளிச்சென்று இருக்கும். சாம்பல் பொருளில் அமிலாய்டு சேரச்சேர அதுவும் கறுத்து, எல்லை கரைந்துபோகும். ஆகவே தேட வேண்டியது கறுப்பை அல்ல, காணாமல் போன எல்லையை.

எங்கிருந்து தொடங்குவது? சிறுமூளையிலிருந்து. நோயாளிக்கும் பெரும்பாலும் அங்கே எல்லை அழியாமல் இருக்கும். அந்தப் படத்துக்குத் தெளிவு என்றால் எது என்று அங்கே கண்ணைப் பழக்கிக்கொண்டு மேலே ஏற வேண்டும். இரண்டு இடங்களில், ஒவ்வொன்றிலும் ஒரு மூளை மடிப்பை விடப் பெரிய பரப்பில் எல்லை மங்கியிருந்தால் படிவு உண்டு. ஓர் இடத்திலாவது சாம்பல் பொருள் பக்கத்து வெண்பொருளை விடக் கறுத்திருந்தாலும் உண்டு. நோயாளியின் கேஸ் ஷீட்டைப் பார்க்கக் கூடாது. மறதி என்று படித்த கண்ணுக்கு மங்கல் தானாகத் தெரிந்துவிடும்.

பாடத்துக்கே பரீட்சை வைத்தார்கள். பிணக்கூராய்வு முடிந்த 59 பேரின் படங்கள். அவர்களில் 39 பேருக்குப் படிவு உறுதி. நேரில் பயின்ற ஐவரில் நடுத்தரமானவர் 36 பேரைக் கண்டுபிடித்தார். கணினி வழியே பயின்ற ஐவரில் நடுத்தரமானவர் 32 பேரை. இரண்டு அணியிலும் கடைசியில் நின்றவர் 27 பேரைத்தான் பிடித்தார். மீதி 12 பேருக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்.

பார்ப்பவர்களுக்குள் ஒற்றுமை எவ்வளவு என்பதையும் அளந்தார்கள். இதற்குக் கப்பா என்ற அளவு உண்டு. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் இருவர் சில சமயம் ஒத்துப்போவார்கள். அந்த அதிர்ஷ்டத்தைக் கழித்துவிட்டு மீதியைக் காட்ட 1960-இல் ஜேக்கப் கோஹன் வகுத்தது. 0 என்றால் வெறும் அதிர்ஷ்டம், 1 என்றால் முழு ஒற்றுமை. 151 படங்களில் கிடைத்தது 0.83.

2012 ஏப்ரலில் அனுமதி வந்தது. பயிற்சியை முடித்தவர் மட்டுமே படத்தைப் படிக்க வேண்டும் என்ற வரி மருந்தின் குறிப்பிலேயே ஏறியது. 2013-இல் ஃப்ளூட்டமெட்டமால், 2014-இல் ஃப்ளோர்பெட்டாபென் என்று பின்னால் வந்தவையும் தத்தம் பாடங்களோடு வந்தன. ஃப்ளூட்டமெட்டமாலை வண்ணத்தில் பார்க்க வேண்டும் என்பதால் ஒன்றில் தேறியவர் மற்றதைப் புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது. படிவை எண்ணால் அளப்பதிலும் இருந்த ஆளுக்கொரு கணக்கை ஒழுங்கு செய்ய 2015-இல் சென்டிலாய்டு அளவு வந்தது: இளம் வயது ஆரோக்கியர்களின் சராசரி 0, அல்சைமர் நோயாளிகளின் சராசரி 100.

அந்த நாளில் ஸ்கேன் சொன்ன பதிலால் பெரும்பாலும் நோயின் பெயர்தான் மாறியது. 2023-இல் அமிலாய்டை அகற்றும் லெக்கானிமாப் முழு அனுமதி பெற்றதும் கணக்கு மாறிவிட்டது. படிவு உறுதியானால்தான், தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அந்த மருந்து ஏறும். மூளை வீக்கம், ரத்தக்கசிவு என்ற ஆபத்தும் கூடவே வரும். இல்லாததை உண்டு என்று படித்தால் ஒருவர் அந்த ஆபத்தை வீணாகச் சுமப்பார். உள்ளதை இல்லை என்று படித்தால் இன்னொருவருக்குச் சிகிச்சையின் கதவே திறக்காது. மருந்து வேலை செய்தும் பாடம் வரட்டும் என்று ஓராண்டுக்கு மேல் காக்கவைத்தது அதிகப்படியான கண்டிப்பு என்று இன்று யாரும் சொல்ல முடியாது.