வளைகோலும் நம் இளைஞரும்

2025-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 10-ஆம் நாள், சென்னை எழும்பூரிலுள்ள மேயர் இராதாகிருஷ்ணன் விளையாட்டரங்கில் இந்திய இளையோர் ஹாக்கி அணி அர்ஜென்டினாவை எதிர்த்து ஆடியது. உலக இளையோர் கோப்பையில் மூன்றாம் இடம் எவருக்கு என்பதை முடிவு செய்யும் ஆட்டம் அது. மூன்று பகுதிகள் முடிந்து நான்காம் பகுதி தொடங்கிய வேளையிலும் நம்மவர் கணக்கில் ஒரு கோலும் இல்லை. எதிரணியினர் 2 கோல் போட்டிருந்தனர். 60 நிமிட ஆட்டத்தில் எஞ்சி நின்றது 11 நிமிடமே. அந்த 11 நிமிடத்துள் அங்கித் பால், மன்மீத் சிங், சாரதா நந்த் திவாரி, அன்மோல் எக்கா என்னும் நால்வர் ஆளுக்கொரு கோல் அடித்தனர். 4–2 என்று முடிந்தது ஆட்டம். ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் இக்கோப்பையில் இந்தியாவுக்கு ஒரு பதக்கம் கிடைத்தது.

இது கண்டு மகிழாத தமிழர் இரார். ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். சென்னையிலும் மதுரையிலும் நடைபெற்ற இவ்விழாவில், நம் நாட்டுச் சட்டையணிந்து ஆடிய இளைஞருள் தமிழ்நாட்டுப் பிள்ளை ஒருவனும் இல்லை. பஞ்சாப், உத்தரப் பிரதேசம், ஒடிசா, மணிப்பூர் முதலிய மாநிலங்களின் பிள்ளைகள் தமிழ் மண்ணில் ஆடினர். நம் மக்கள் கை தட்டினர். அவர்களும் நம் பிள்ளைகளே என்பதில் ஐயமில்லை. எனினும், ஒரு காலத்தில் உலக மேடைக்கு வரிசையாக ஆட்டக்காரரை அனுப்பிய தமிழினத்துக்கு இன்று ஏன் இந்த வறுமை என்னும் வினா எழாமற் போகாது. அவ்வினாவை உடன் வைத்துக்கொண்டே இளையோர் ஹாக்கியின் வரலாற்றைச் சிறிது திரும்பிப் பார்ப்போம்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். நம் கிங்ஸ் சர்க்கிள் வட்டாரத்துக் குடும்பங்களில், மகனோ மகளோ கனடாவுக்குக் குடிபெயர்ந்த வீடுகள் பல உண்டு. அங்கு வளரும் பேரப்பிள்ளையிடம் ஹாக்கி என்று சொல்லிப் பாருங்கள். அவன் நினைப்பது பனித்தரையில் சறுக்குக் காலணி அணிந்து ஆடும் ஆட்டத்தையே. இங்கு நாம் வளைகோற் பந்தாட்டம் என்று தமிழ்ப்படுத்திச் சொல்லும் ஆட்டம் வேறு. முதல் உலகப் போரில் மாண்ட வீரர்களின் நினைவாக 1919-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற மெமோரியல் கோப்பை, இன்றுவரை கனடாவின் இளையோர் பனி ஹாக்கி அணிகளுக்கு உயர்ந்த பரிசாக விளங்குகிறது. அந்நாட்டு வழக்கம் ஒன்று நம் கவனத்துக்குரியது. பதினாறு, பதினேழு வயதுப் பையன் பெற்றோரைப் பிரிந்து வேற்றூர் அணியில் சேர்ந்தால், அவ்வூர்க் குடும்பம் ஒன்று அவனைத் தன் வீட்டில் வைத்துச் சோறிட்டுப் பள்ளிக்கும் அனுப்பும். ஆட்டக்காரன் ஒருவன் உருவாவதற்குத் திறமை மட்டும் போதாது. அவனுக்கு உலை வைக்கும் ஓர் அடுப்பும் வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருக்கின்றனர். இதை மறவாமல் நம் கதைக்கு வருவோம்.

புல்தரை ஹாக்கியில் இளையோருக்கென ஓர் உலகக் கோப்பை 1979-ஆம் ஆண்டில், பிரான்சு நாட்டு வெர்சாய் நகரில் தொடங்கியது. முதற் கோப்பையைப் பாகிஸ்தான் வென்றது. அதன்பின் 1982, 1985, 1989, 1993 என நான்கு முறை தொடர்ச்சியாக ஜெர்மானியரே வாகை சூடினர். ஒலிம்பிக்கில் தங்கத்தின்மேல் தங்கம் குவித்த நம் நாடு இந்த வரிசையில் எங்கே போயிற்று என்று கேட்கலாம். புல்தரை போய்ச் செயற்கைத் தரை வந்ததே அக்காலத்தின் பெரிய மாறுதல். 1976-ஆம் ஆண்டு மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முதலாக அத்தரையில் ஆட்டம் நடந்தபோது நம் நாடு ஏழாம் இடத்துக்கு இறங்கிற்று. ஐரோப்பியச் சிறுவன் பள்ளிப் பருவத்திலேயே செயற்கைத் தரையில் ஓடிப் பழகினான். நம் சிறுவனோ கட்டாந்தரையில் கற்றுவிட்டு, வாலிபனான பின்னரே அத்தரையைக் கண்டான். மூத்தோர் அணி தோற்றது உலகுக்குத் தெரிந்தது. அதன் வேர் இளையோரிடம் இருந்தது பலருக்குத் தெரியவில்லை.

1997-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸ் நகரில் நம் இளைஞர் முதன்முறையாக இறுதி ஆட்டம் வரை ஏறினர். ஆஸ்திரேலியாவிடம் 2–3 என்னும் கணக்கில் ஒரே கோலில் கோப்பை கை நழுவிற்று. அவ்வணியின் விடிவெள்ளி ராஜீவ் மிஸ்ரா என்னும் இளைஞன். நாடு முழுவதும் அவனைப் பற்றியே பேசியது. அடுத்த ஆண்டிலேயே முழங்காலில் பட்ட காயம் அவனை ஆடுகளத்திலிருந்து அகற்றிவிட்டது. பிறகு ரயில்வேப் பணியில் காலத்தைக் கழித்த அவர், 2023-ஆம் ஆண்டில் வாரணாசியில் காலமானார். இருபது வயதில் உலகம் கொண்டாடியவரை நாற்பது வயதில் எத்தனை பேர் அடையாளம் கண்டிருப்பர்! இளையோர் விளையாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் கோப்பைகளை மட்டும் எண்ணிவிட்டு இத்தகையவரை விட்டுவிடுதல் நேர்மையாகாது.

2001-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் அக்குறை தீர்ந்தது. ககன் அஜித் சிங் தலைமையில் சென்ற அணி, இறுதி ஆட்டத்தில் அர்ஜென்டினாவை 6–1 என்று வென்று கோப்பையைக் கொணர்ந்தது. கோல் மழை பொழிந்த தீபக் தாக்கூர், மூலையடியில் பந்தை இழுத்து வீசுவதில் வல்லவரான ஜுக்ராஜ் சிங் ஆகியோர் அவ்வணியினர். இரண்டே ஆண்டுகளில், 2003-இல், ஜுக்ராஜ் கார் விபத்தில் படுகாயமுற்றார். உலகத் தரத்துக்கு உயர்ந்துகொண்டிருந்த அவ்வாழ்வு அத்தோடு வேறு திசையில் திரும்பிற்று. இவ்வாட்டத்தில் விதியின் கை சற்றுக் கொடியதாகவே இருந்திருக்கிறது.

பின்னர் ஒரு நீண்ட வறட்சி. சொந்த மண்ணான புதுதில்லியில் 2013-இல் நடந்த போட்டியில் நாம் பத்தாம் இடத்தில் நின்றோம் என்பதைச் சொல்லி மேலே செல்வோம். 2016 டிசம்பரில் லக்னோ நகரில் ஹர்ஜீத் சிங் தலைமையில் ஆடிய அணி பெல்ஜியத்தை 2–1 என்று வென்று இரண்டாம் முறை கோப்பையைப் பெற்றது. இறுதி ஆட்டத்தில் கோல் அடித்த குர்ஜந்த் சிங், சிம்ரஞ்சித் சிங் இருவரும் பின்னாளில் டோக்கியோ ஒலிம்பிக்கில் 41 ஆண்டு இடைவெளிக்குப் பின் பதக்கம் வென்ற அணியிலும் இருந்தனர். அதே லக்னோ அணியில் ஆடிய ஹர்மன்பிரீத் சிங், 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற அணிக்குத் தலைவரானார். இளையோர் அணி என்பது நாற்றங்கால். நாற்றுப் பழுதானால் வயலில் நின்று புலம்பிப் பயனில்லை என்பதை நம் நாட்டு ஹாக்கி நாற்பது ஆண்டு செலவிட்டுக் கற்றுக்கொண்டது.

புவனேசுவரத்தில் 2021-லும் கோலாலம்பூரில் 2023-லும் நான்காம் இடத்தோடு திரும்பிய இளைஞரைப் பின்னர்ப் பயிற்றுவிக்க வந்தவர் கேரளத்தின் ஸ்ரீஜேஷ். டோக்கியோவிலும் பாரிசிலும் கோல் காத்த கைகள் அவருடையவை. அவர் பயிற்சியில் 2024-இல் மஸ்கட்டில் பாகிஸ்தானை 5–3 என்று வென்று இளையோர் ஆசியக் கோப்பையைப் பெற்ற அணியே, ரோஹித் தலைமையில் சென்னைக்கு வந்தது. முதன்முறையாக 24 நாடுகள் கலந்துகொண்ட அப்போட்டியில், கால் இறுதியில் பெல்ஜியத்தோடு சமநிலை எய்தி, எட்டு வினாடிக்குள் கோல் அடிக்க வேண்டிய தனியாள் முயற்சிகளில் வென்றது. அரை இறுதியில் ஜெர்மனியிடம் 1–5 என்று தோற்றது. அந்த ஜெர்மனியே கோப்பையையும் கொண்டுபோயிற்று. தோற்ற மூன்றாம் நாளில், முதலிற் கூறிய அந்த 11 நிமிடம்.

இனி, நம் வினாவுக்கு வருவோம். தமிழர் இவ்வாட்டத்துக்குப் புதியவரா? அன்று. 1968-ஆம் ஆண்டு மெக்சிகோவில் வெண்கலம் வென்ற அணியில் கோல் காத்த முனீர் சேட் சென்னைக்காரர். அதே அணியிலும் 1972-ஆம் ஆண்டு மியூனிக் அணியிலும் ஆடியவர் கிருஷ்ணமூர்த்தி பெருமாள். 1975-இல் கோலாலம்பூரில் பாகிஸ்தானை 2–1 என்று வென்று இந்தியா உலகக் கோப்பையைப் பெற்றபோது வலப்புறத்தில் பறந்தவர் வி. ஜே. பிலிப்ஸ். 1980-இல் மாஸ்கோவில் நாடு கடைசியாகப் பெற்ற ஹாக்கித் தங்கத்துக்குத் தலைமை தாங்கியவர் வி. பாஸ்கரன். ரயில்வேயும் வங்கிகளும் காவல்துறையும் அக்காலத்தில் ஆட்டக்காரருக்கு வேலை தந்து அணி வளர்த்தன. காலையில் அலுவலகம், மாலையில் ஆடுகளம், முதல் தேதியில் சம்பளம் என்னும் அந்த ஏற்பாடே பல வீடுகளில் அடுப்பெரியச் செய்தது.

அதைவிட நமக்கு நெருங்கிய கதை ஒன்றுண்டு. பூனாவை அடுத்த கட்கியில், படைக்கலத் தொழிற்சாலைக் குடியிருப்பில், ஆடுகளத்தைப் பராமரிக்கும் பணியிலிருந்தவர் நாகலிங்கம் பிள்ளை. அவருக்கும் ஆண்டாளம்மாளுக்கும் 1968 ஜூலை 16-ஆம் நாள் பிறந்த நான்காம் மகன் தன்ராஜ். ஐந்து ஆண்பிள்ளைகள் உள்ள ஏழை வீட்டில் புதுக் கோலுக்கு ஏது பணம்? மற்றவர் உடைத்து எறிந்த கோல்களை ஒட்டிக் கட்டி ஆடினர் பிள்ளைகள். மூத்தவருள் ஒருவரான ரமேஷ், நம் செம்பூரிலுள்ள ராஷ்ட்ரீய கெமிக்கல்ஸ் அண்டு ஃபெர்டிலைசர்ஸ் ஆலையின் அணிக்காகப் பம்பாய்ப் போட்டிகளில் ஆடினார், இந்தியாவுக்கும் ஆடினார். 1980-களின் நடுவில் தம்பி அண்ணனை நாடிப் பம்பாய்க்கு வந்தான். கனடாவில் முகமறியாக் குடும்பம் செய்வதை இங்கு உடன்பிறப்பே செய்தது. பின்னர் மகிந்திரா நிறுவன அணியில் ஜோக்கிம் கார்வாலோவின் பயிற்சி கிடைத்தது.

மீதியை நாடறியும். 1992 முதல் 2004 வரை நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை, நான்கு ஆசிய விளையாட்டு. 1998-இல் பாங்காக்கில் 32 ஆண்டுகளுக்குப் பின் ஆசியத் தங்கம் பெற்ற அணியின் தலைமை. கேல் ரத்னா, பத்மஸ்ரீ விருதுகள். மராத்தி இதழ்கள் அவர் பெயரைப் ‘பில்லே’ என்றே அச்சிட்டன. நம் வீட்டுப் பிள்ளைகளும் அவ்வாறே சொல்லப் பழகிவிட்டனர். பிள்ளை பில்லேயானால் என்ன, ஓட்டம் தமிழ் ஓட்டம் அன்றோ என்று அந்நாளில் மாதுங்காவில் பெருமை பேசாத பெரியவர் இல்லை. மைதானத்தைப் பராமரித்தவர் மகன் நாட்டையே எழுந்து நிற்கச் செய்தான் என்பது எக்காலத்தும் இனிக்கும் செய்தி.

தாயகத்திலும் அத்தகைய ஊர் ஒன்று உண்டு. கடலைமிட்டாய்க்கும் தீப்பெட்டிக்கும் பெயர்பெற்ற கோவில்பட்டியே அது. கரிசல் மண்ணில் தெருவுக்குத் தெரு ஹாக்கிக் குழு வைத்திருக்கும் இவ்வூரில், இலட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி பல்லாண்டாக நடந்து வருகிறது. அரசு நடத்தும் விளையாட்டு விடுதி இங்கிருப்பதால், வெளியூர்ப் பையனுக்கும் உணவும் இடமும் கிடைக்கின்றன. அரியலூரிலிருந்து இங்கு வந்து கற்ற கார்த்தி செல்வம், 2022-ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பைப் போட்டியில் பாகிஸ்தானுக்கு எதிராகக் களமிறங்கிய முதல் ஆட்டத்திலேயே கோல் அடித்தார். கோவில்பட்டியின் மாரீசுவரன் சக்திவேலும் அதே போட்டியில் இந்தியாவுக்கு ஆடினார். 2023-இல் சென்னையில் மலேசியாவை 4–3 என்று வென்று ஆசியச் சாம்பியன்ஸ் கோப்பையைப் பெற்ற அணியில் கார்த்தி இருந்தார். ஆகவே ஊற்று வற்றிவிடவில்லை, கசிகிறது. ஒரு விடுதியும் ஓர் ஊரும் செய்யக்கூடியது இவ்வளவு. அலுவலக அணிகள் மெலிந்துபோன இந்நாளில், விடுதியை விட்டு வெளிவரும் பதினெட்டு வயதுப் பையனை அடுத்துத் தாங்குவது யார் என்பதில்தான் முடிச்சு இருக்கிறது. பஞ்சாபிலும் ஒடிசாவிலும் அதற்கு விடை கண்டிருக்கின்றனர். எனவேதான் எழும்பூரில் அவர்களுடைய பிள்ளைகள் ஆடினர்.

நம் குடியிருப்புச் சிறுவர்க்கு ஆட்டம் என்றால் கிரிக்கெட்தான். ஐந்து தோட்டங்களின் ஓரத்தில் எந்த மாலை பார்த்தாலும் மட்டையும் பந்துமே தென்படும். அதைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் 1896-இல் ஆகாகான் கோப்பை தோன்றிய நகரம் இது. பாந்திராவின் புனித ஸ்தனிஸ்லாஸ் பள்ளியிலிருந்து வீரன் ரஸ்கின்ஹா ஏதென்ஸ் ஒலிம்பிக் வரை சென்றது இந்நகரத்துத் தெருக்களில் நடந்துதான். மாதுங்கா ரோடில் வண்டியேறினால் இறங்குமிடம் சர்ச்கேட். அங்கு மகிந்திரா ஹாக்கி அரங்கில் பள்ளிச் சிறுவர் ஆடும் நாட்களில், முழங்காலில் மண்ணும் கையில் வளைகோலுமாகப் பையன்கள் மாலை வண்டியில் திரும்பி வருவதைக் காணலாம். சென்ற பருவத்தில் அப்படி வந்த ஒரு கூட்டத்தில், இருவர் தம்முள் தமிழில் பேசிக்கொண்டிருந்தது நம் காதில் விழுந்தது. தாதரில் கூட்டம் ஏறியது. கோல்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வழிவிட்டு நின்றனர்.