கூத்தை மீட்டவர் யார்?

மட்டக்களப்பு நாட்டுக்கூத்தைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மீட்டெடுத்தார் என்று சொல்லிப் பழகிவிட்டோம். அக்கூற்றில் உண்மை உண்டு. ஆயின் அது எவரிடமிருந்து தொலைந்தது என்று நாம் கேட்பதில்லை.

1956ஆம் ஆண்டு தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டில், பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எதிரிவீர சரச்சந்திர, தமிழ்க் கூத்தோடு உறவுடைய ‘நாடகம’ மரபிலிருந்து ‘மனமே’யை ஆக்கி மேடையேற்றினார். மொழியால் நாடு பிளவுண்ட வேளையில், கலைஞர் ஒருவர் மற்றவரிடம் கற்றார். கலைக்கழகத் தமிழ் நாடகக் குழுவின் தலைவராயிருந்த வித்தியானந்தன் மட்டக்களப்பை நோக்கினார். ‘கர்ணன் போர்’ (1962), ‘நொண்டி நாடகம்’ (1963), ‘இராவணேசன்’ (1964) ஆகியன பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு அரங்கேறின. பாமரர் ஆட்டமென இகழ்ந்த படித்தவர்கள் எழுந்து நின்று பார்த்தனர்.

அம்மாணவருக்கு ஆட்டம் பழக்கியவர் வந்தாறுமூலை அண்ணாவியார் செல்லையா. அவரைப் போன்றோர் வாழ்ந்த ஊர்களில் கூத்து தொலையவே இல்லை. சட்டங்கொடுத்தல், கிழமைக்கூத்து, சதங்கை கட்டுதல், அடுக்குப்பார்த்தல், களரியேற்றம் எனப் பல மாதங்கள் நீளும் உழைப்பு அது. பகலெல்லாம் வயலில் நின்றவன் இரவிலே அரசனாவான். உடுப்பின் செலவும் அவனதே. வட்டக்களரியைச் சூழ்ந்து ஊர் அமர்ந்திருக்கும். ஆடுவோன் எத்திசைக்கும் முகங் காட்டுவான். படச்சட்ட மேடைக்கு வந்ததும் அவன் ஒரு திசையையே நோக்க நேர்ந்தது. விடிய விடிய ஆடியது ஓரிரு மணி நேரத்துள் அடங்கிற்று. சுருக்கியதைக் குறை கூறேன். போட்டிக்கு மாணவரைப் பழக்குகையில் நானும் பாட்டுகளை வெட்டியவனே. ஆனால் வெட்டும் அதிகாரம் எவர் கைக்கு மாறியது என்பது சிறு கேள்வி அன்று.

‘இராவணேசன்’ நாடகத்தில் இராவணனாக ஆடிய சி. மௌனகுரு, கூத்தின் ஆட்டத்தையே கொண்டு 1969இல் ‘சங்காரம்’ என்ற நாடகத்தை ஆக்கி, உழைக்கும் வர்க்கத்தை அரங்கில் நிறுத்தினார். பேராதனையில் தொடங்கியது அங்கு ஒரு படி முன்னேறியது. எனினும் கிராமத்துக் களரியில் பெண்பாத்திரத்தை ஆண்களே ஆடினர். அரச வேடம் வசதியுடையோருக்கே எளிதாயிற்று. மரபு என்ற பெயரால் இவற்றையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டுமா?

வாவிக்கரையிலுள்ள சீலாமுனையில், இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், சி. ஜெயசங்கர் ‘கூத்து மீளுருவாக்கம்’ என்ற முயற்சியைத் தொடங்கியபோது அக்கேள்வி ஊரவர் முன்னே வைக்கப்பட்டது. எதை மாற்றுவது, எதை விடுவது என்பதை அண்ணாவியாரும் ஆடுவோரும் பார்ப்போரும் கூடியிருந்து விவாதித்தனர். சாதியையும் பெண்ணையும் இழிவுபடுத்தும் இடங்கள் ஆராயப்பட்டன. அந்தக் கூத்து ஆடப்பட்டது மேடையில் அன்று, வட்டக்களரியில்.