பிரீமியம் போன பாதை



கொஞ்சம் நீளமான பதிவு. சாயங்காலம் காபி குடித்துக்கொண்டே படியுங்கள்.

உங்களில் பலர் இப்போது பெற்றோர் ஆகிவிட்டீர்கள், சிலர் தாத்தா பாட்டியே ஆகிவிட்டீர்கள். என்னிடம் வரும் கேள்விகளும் அதற்கேற்ப மாறிவிட்டன. இப்போது அடிக்கடி வருவது இதுதான்: "சார், பிரீமியத்தை எப்படிக் கட்டினால் நல்லது? ஏஜென்டிடம் கொடுக்கலாமா, ஆபீசுக்கே போகணுமா, பேங்கில் தானாகப் பிடிக்கச் சொல்லலாமா?" சமூக அறிவியல் எடுத்தவனிடம் கேட்டால் பதில் வரலாறாகத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், காப்பீட்டில் தேதிக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்று பார்ப்போம். இதில் நம் தொழில்காரர் ஒருவர் வருகிறார். லண்டனில் ஜேம்ஸ் டாட்சன் என்ற கணித ஆசிரியர் இருந்தார். 1706-இல் தொடங்கிய அமிக்கபிள் என்ற ஆயுள் காப்பீட்டுச் சங்கத்தில் அவர் சேரப் போனார். வயது 45-ஐத் தாண்டிவிட்டது என்று சேர்க்க மறுத்தார்கள். அவர் கோபப்பட்டுத் திரும்பாமல் கணக்குப் போட்டார். வயதுக்கேற்பப் பிரீமியத்தை நிர்ணயித்து, ஒருவர் சேர்ந்த நாளில் எவ்வளவோ கடைசிவரை அவ்வளவே கட்டும்படி ஒரு முறையை வகுத்தார். 1757-இல் அவர் இறந்துபோனார். ஐந்து வருடம் கழித்து, 1762-இல், அந்தக் கணக்கை வைத்து ஈக்விட்டபிள் சங்கம் தொடங்கியது. இன்று நாம் எடுக்கும் பாலிசிகளுக்கு அடிப்படை அதுதான்.

இளமையில் தேவைக்குச் சற்று அதிகமாகக் கட்டுகிறோம், அந்த மிச்சம் முதுமையில் கைகொடுக்கிறது. எல்லாரும் தேதி தவறாமல் கட்டுவார்கள் என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு இது. ஆகவேதான் பாலிசிப் பத்திரத்தில் தொகைக்குச் சமமான இடம் தேதிக்கும் உண்டு.

அடுத்த கேள்வி, அந்தப் பணத்தை யார் கொண்டுபோய்ச் சேர்ப்பது? நான் சொல்ல வந்த கதையே இதுதான்.

இங்கிலாந்தில் 1854 முதல் புரூடென்ஷியல் கம்பெனி ஏழைத் தொழிலாளர்களுக்கு வாராவாரம் பென்னிக் கணக்கில் பாலிசி விற்றது. வசூல்காரர் வீடு வீடாக வருவார். நம் கடைத்தெருவில் தண்டல்காரர் வருகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் வாசலுக்கே வருவது வசதிதான். ஆனால் கையில் காசில்லாத சில வாரங்கள் தொடர்ந்தால் பாலிசி போய்விடும். அப்படி இழந்தவர்களும் ஏராளம்.

நம் நாட்டில் 1818-இல் கல்கத்தாவில் ஓரியண்டல் கம்பெனியும், 1829-இல் சென்னையில் மெட்ராஸ் ஈக்விட்டபிளும் தொடங்கின. அவை பெரும்பாலும் ஐரோப்பியர்களுக்கானவை. இந்தியர் உயிருக்கு அதிகப் பிரீமியம் கேட்ட காலம் அது. 1870-இல் தொடங்கிய பாம்பே மியூச்சுவல்தான் இந்தியர்களையும் சாதாரண விகிதத்தில் சேர்த்துக்கொண்டது. 1884 பிப்ரவரி 1-ஆம் தேதி அஞ்சல் ஆயுள் காப்பீடு வந்தது. முதலில் அஞ்சல் ஊழியர்களுக்கு மட்டும். 1894-இலேயே அந்தத் துறையின் பெண் ஊழியர்களையும் சேர்த்தார்கள். பெண் உயிருக்குக் காப்பீடு தர மற்றவர்கள் தயங்கிய காலத்தில் இது பெரிய காரியம்.

சுதந்திரத்துக்குப் பின் ஏராளமான கம்பெனிகள் இருந்தன. சில மக்கள் பணத்தோடு மூழ்கின. 1956 ஜனவரி 19 அன்று மத்திய அரசு ஆயுள் காப்பீட்டைத் தன் கையில் எடுத்தது. அன்று நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக். 154 இந்தியக் கம்பெனிகள், 16 வெளிநாட்டுக் கம்பெனிகள், 75 சேமநலச் சங்கங்கள், ஆக 245 நிறுவனங்கள் ஒன்றாகி, செப்டம்பர் 1 அன்று எல்.ஐ.சி. பிறந்தது. சென்னை மவுண்ட் ரோட்டில் நம் ஊர்க்காரர்கள் அண்ணாந்து பார்க்கும் அந்த 14 மாடிக் கட்டிடம் 1959-இல் முடிந்தது.

எல்.ஐ.சி. தொடங்கியபோது நாடு முழுவதற்கும் 212 கிளைகள்தான். கிராமத்தில் இருப்பவர் பிரீமியம் கட்ட ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு டவுனுக்குப் பஸ் ஏற வேண்டும். காட்டுமன்னார்கோவில் பக்கமிருந்து சிதம்பரத்துக்கோ கடலூருக்கோ போய்வரும் செலவை நினைத்துப் பாருங்கள். ஆகவே வேறு கைகளை நம்பினார்கள். அந்தக் கைகள் மூன்று: சம்பளம் போடும் அலுவலகம், ஏஜென்ட், தபால்காரர்.

முதல் கை அலுவலகம். எங்களைப் போன்ற வாத்தியார்களுக்கு இது நன்றாகத் தெரியும். சம்பள நாளில் அக்விட்டன்ஸ் ரோலில் ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் கையெழுத்துப் போடும்போது, சேமநல நிதி, கூட்டுறவுச் சங்கக் கடன், எல்.ஐ.சி. எல்லாம் பிடித்தது போகத்தான் மிச்சம் கைக்கு வரும். சம்பளச் சேமிப்புத் திட்டம் என்று பெயர். தேதியை நினைவில் வைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒருவர் மாறுதலாகிப் போனால், புது அலுவலகத்தில் பிடித்தம் தொடங்க ஒன்றிரண்டு மாதம் விட்டுப்போவது உண்டு. சம்பளமில்லா விடுப்பிலும் அப்படித்தான். அந்த இடைவெளி பல வருடம் கழித்து முதிர்வுத் தொகை வாங்கும்போதுதான் தெரியவரும்.

அலுவலகம் பணத்தை அனுப்பாமல் விட்டால் யார் பொறுப்பு? டெல்லி மின்வாரிய ஊழியர் ஒருவர் இறந்தபோது இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. பிரீமியம் வரவில்லை என்று எல்.ஐ.சி. பணம் தர மறுத்திருந்தது. 1999-இல் நீதிமன்றம் சொன்னது: இந்தத் திட்டத்தில் வசூல் வேலையை முதலாளியிடம் ஒப்படைத்தது எல்.ஐ.சி.தான். எனவே முதலாளி எல்.ஐ.சி.யின் பிரதிநிதி, அவர் தவறுக்கு ஊழியரின் குடும்பம் தண்டனை அனுபவிக்கக் கூடாது. மனைவிக்குத் தொகை கிடைத்தது.

இரண்டாவது கை ஏஜென்ட். இதை நன்றாகக் கவனியுங்கள். ஒருவர் 1986-இல் தலா 25,000 ரூபாய்க்கு நான்கு பாலிசிகள் எடுத்தார். அரையாண்டுக்கு ஒருமுறை பிரீமியம். 1987 மார்ச்சில் கட்ட வேண்டிய தவணை கட்டவில்லை, சலுகை நாட்களும் போயின. ஜூன் மாதம் ஏஜென்ட் வந்து செக் வாங்கிப் போனார். செக்கும் பணமாகிவிட்டது. ஆனால் அந்தப் பணம் எல்.ஐ.சி. அலுவலகத்தில் கட்டப்பட்டது ஆகஸ்ட் 10 அன்று. அதற்கு முதல் நாள், ஆகஸ்ட் 9 அன்று, பாலிசிதாரர் விபத்தில் இறந்துபோனார்.

குடும்பம் கேட்டது: "இரண்டு மாதம் முன்பே கொடுத்துவிட்டோமே?" 1997-இல் உச்ச நீதிமன்றம் எல்.ஐ.சி. பக்கம் நின்றது. ஏஜென்ட் பிரீமியத்தை வசூலிக்க எல்.ஐ.சி. அதிகாரம் தரவில்லை, 1972-ஆம் வருட விதிகளே அதைத் தடுக்கின்றன, ஆகவே ஏஜென்டிடம் கொடுத்தது எல்.ஐ.சி.யிடம் கொடுத்ததாகாது என்பது தீர்ப்பு.

இரண்டு தீர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு குடும்பத்திலும் பணம் இன்னொருவர் கையில்தான் நின்றது. ஒரு குடும்பத்துக்குக் காப்பீட்டுத் தொகை கிடைத்தது, இன்னொன்றுக்குக் கிடைக்கவில்லை. வாங்கிய கைக்குக் கம்பெனி அதிகாரம் கொடுத்திருந்ததா என்பதுதான் வித்தியாசம். பிற்காலத்தில் எல்.ஐ.சி. சில ஏஜென்டுகளுக்கு வசூல் அதிகாரம் கொடுத்திருக்கிறது. அவர்கள் அங்கேயே கம்ப்யூட்டர் ரசீது தருவார்கள். ரசீது இல்லாமல் "நான் கட்டிடறேன் அண்ணே" என்று வாங்கிப் போகிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் அவர் உங்கள் ஆள், கம்பெனியின் ஆள் அல்ல. நம் சொந்தக்காரர்களில் பலர் ஏஜென்டுகள். கோபித்துக்கொள்ள வேண்டாம், அவர்களுக்கும் இது பாதுகாப்பு.

மூன்றாவது கை தபால்காரர். 1880 முதல் தபால் நிலையங்கள் மணியார்டர் அனுப்பின. வாகனம், கடை, சரக்கு போன்ற பொதுக் காப்பீட்டில் சட்டம் ஒரு நல்ல காரியம் செய்தது. 1938-ஆம் வருடக் காப்பீட்டுச் சட்டத்தின் 64 வி.பி. பிரிவு, முன்பணம் வராமல் காப்பீடு தொடங்காது என்கிறது. ஆனால் மணியார்டரில் அனுப்பினால், அது புக் செய்த நாளிலிருந்தே காப்பீட்டைத் தொடங்கலாம் என்றும் சொல்கிறது. ஏஜென்ட் வாங்கினால் விடுமுறை நீங்கலாக 24 மணி நேரத்தில் கம்பெனிக்குச் செலுத்தவோ அனுப்பவோ வேண்டும். செக்கில் மட்டும் ஜாக்கிரதை. செக் திரும்பிவிட்டால் உங்கள் வண்டிச் சேதத்துக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இப்போது நான்காவது கை வந்திருக்கிறது: உங்கள் வங்கிக் கணக்கு. 2015 மே 9 அன்று தொடங்கிய பிரதமரின் இரண்டு திட்டங்கள் முழுக்க இதில்தான் ஓடுகின்றன. ஆயுள் காப்பீட்டுக்கு இப்போது வருடம் 436 ரூபாய், விபத்துக் காப்பீட்டுக்கு 20 ரூபாய். மே மாதக் கடைசியில் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துவிடுவார்கள், ஜூன் 1 முதல் அடுத்த மே 31 வரை பாதுகாப்பு. அந்த வாரம் கணக்கில் 436 ரூபாய் இல்லையென்றால் 2 லட்சம் ரூபாய்ப் பாதுகாப்பு போய்விடும். பிறகு புதிதாகச் சேர்ந்தால், முதல் 30 நாட்களில் விபத்து தவிர மற்ற மரணங்களுக்குத் தொகை கிடையாது. கணக்கில் காசில்லாத வாரம் என்றால், அந்தப் பென்னி வசூல் காலத்துக் கதையேதான். வாசலுக்கு வரும் ஆள்தான் மாறியிருக்கிறார்.

நம் மாவட்டத்துக்கு இது வெறும் பாடமல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமியில் தேவனாம்பட்டினம் முதல் கிள்ளை வரை கடலோரத்தில் வீடுகள் போயின. வீட்டோடு போன காகிதங்கள் எத்தனையோ. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடந்தபின் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. 2015 நவம்பர் வெள்ளத்தில் ஊர்கள் தீவாயின. கடைசி நாள் வரை தள்ளிப்போட்டவருக்கு அப்படிப்பட்ட நாளில் ஆபீசும் இல்லை, போனும் இல்லை.

சம்பா சாகுபடி செய்யும் நம் சிதம்பரம், புவனகிரி, குமராட்சி உறவுகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2016 முதல் நடக்கும் பயிர்க் காப்பீட்டில் சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான். முன்பு பயிர்க்கடன் வாங்கினால் கட்டாயம் பிடிப்பார்கள். 2020 முதல் அது விருப்பம், நாமே கவனிக்க வேண்டும். கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் 15-ஐ ஒட்டி வரும். ஐப்பசி அடைமழை நேரம். வி.ஏ.ஓ.விடம் அடங்கல் வாங்கி, இ-சேவை மையத்திலோ கூட்டுறவுச் சங்கத்திலோ முன்கூட்டியே கட்டிவிடுங்கள். கடைசி இரண்டு நாள் கூட்டம் நெரியும், சர்வர் நகராது. இதற்குச் சலுகை நாள் கிடையாது.

சலுகை நாட்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆயுள் பாலிசியில் மாதத் தவணைக்கு 15 நாள், மற்றவற்றுக்கு 30 நாள். அதற்குள் மரணம் நேர்ந்தால் பாக்கிப் பிரீமியத்தைக் கழித்துக்கொண்டு தொகை தருவார்கள். அதன்பின் பாலிசி காலாவதி. புதுப்பிக்க வட்டியும் உடல்நல உறுதிமொழியும் கேட்பார்கள், தேவைப்பட்டால் மருத்துவப் பரிசோதனையும் உண்டு. வண்டி இன்சூரன்சில் சலுகை நாளே இல்லை. நள்ளிரவோடு முடிந்தது.

ஆக, கேட்ட கேள்விக்குப் பதில். எந்த வழியில் கட்டினாலும், பணம் அதிகாரமுள்ள இடத்தில் சேர்ந்த தேதி எழுத்தில் உங்கள் கையில் இருக்க வேண்டும். தவணை தேதியைச் சம்பளமோ பென்ஷனோ வந்த மறுவாரம் வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். வங்கிப் பிடித்தம் போட்டவர்கள் அந்த வாரம் கணக்கில் பணம் இருக்கிறதா என்று பாருங்கள், பிடித்தபின் ரசீது வந்ததா என்றும் பாருங்கள். மாறுதலானவர்கள் சம்பளச் சீட்டை மாதாமாதம் பாருங்கள். பாலிசி எண், தவணை தேதி, நாமினி பெயர் இவற்றை ஒரு தாளில் எழுதி, வீட்டில் ஒன்றும் வெளியூரில் இருக்கும் பிள்ளையிடம் ஒன்றும் கொடுத்துவையுங்கள்.

முக்கியமாக, நாமினியாக இருப்பவருக்குப் பாலிசி இருப்பதே தெரியாத வீடுகள் நிறைய உண்டு. இன்று ராத்திரி சாப்பிடும்போது அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்