உங்கள் பத்திரிகைக்கு யார் ஆசிரியர்?

ஆர்.எஸ்.எஸ். என்றதும் நிமிர்ந்து உட்கார வேண்டாம். இது அரசியல் கட்டுரை இல்லை. நாக்பூருக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. இது கலிஃபோர்னியாவில் 1999 மார்ச்சில் பிறந்த வேறொரு மூன்றெழுத்தின் கதை.

அப்போது நெட்ஸ்கேப் கம்பெனிக்குப் போதாத காலம். மைக்ரோசாஃப்ட் தன் பிரவுசரை இலவசமாகவே கொடுத்து கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. வருகிற வாசகரையாவது வாசலில் பிடித்து உட்கார வைக்கலாம் என்று 'மை நெட்ஸ்கேப்' பக்கத்தில் ஒரு புது வசதி செய்தார்கள். எந்தெந்தத் தளம் வேண்டுமோ, அவற்றின் தலைப்புச் செய்திகளை மட்டும் நீங்களே பொறுக்கி அடுக்கிக்கொள்ளலாம்.

நல்ல யோசனைதான். ஆனால் ஒவ்வொரு தளமும் ஒரு தினுசு. எது தலைப்பு, எது விளம்பரம் என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? டான் லிப்பி, ஆர்.வி.குஹா என்று இருவர் இதற்கு வழி கண்டுபிடித்தார்கள். குஹா, நம்ம சென்னை ஐ.ஐ.டி.யில் மெக்கானிக்கல் படித்தவர்.

வழி ரொம்ப எளிது. ஒவ்வொரு தளமும் ஓரமாக ஒரு சின்ன ஃபைல் வைக்க வேண்டும். அதில் படமில்லை, அலங்காரமில்லை. கட்டுரையின் தலைப்பு, அது இருக்கும் முகவரி, அவ்வளவுதான். சுருக்கமெல்லாம் பின்னால் வந்து சேர்ந்தது. உங்கள் சார்பில் ஒரு மென்பொருள் அவ்வப்போது ஒரு ரவுண்டு போய் அந்த ஃபைல்களை எட்டிப் பார்க்கும். புதிதாக ஏதாவது இருந்தால் கொண்டுவந்து போடும். உங்கள் பெயர், ஊர், போன் நம்பர் எதையும் அந்தத் தளத்திடம் சொல்ல வேண்டாம். பிடிக்கவில்லையா? பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். யாரும் துரத்தி வந்து ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

பெற்ற கம்பெனிக்கே பிள்ளையின் அருமை தெரியவில்லை. நெட்ஸ்கேப்பை ஏ.ஓ.எல். வாங்கியிருந்தது. 2001-ல் 'மை நெட்ஸ்கேப்'பிலிருந்து இந்த வசதியையே தூக்கிவிட்டார்கள்.

அதற்குள் குழந்தைக்குப் பல அப்பாக்கள் முளைத்திருந்தார்கள். 1997-லேயே இதுபோல ஒன்றைத் தன் தளத்துக்காகச் செய்து வைத்திருந்த டேவ் வைனர், எளிமையாகவே இருக்கட்டும் என்றார். குஹா இருந்த இன்னொரு கோஷ்டி, கம்ப்யூட்டருக்கு அர்த்தம் புரிகிற மாதிரி விரிவாக இருக்க வேண்டும் என்றது. 2000 டிசம்பரில் இரண்டு தரப்பும் ஆளுக்கொரு ஆர்.எஸ்.எஸ்.ஸை வெளியிட்டன. இரண்டாவது கோஷ்டியில் ஒரு பையன் இருந்தான். பெயர் ஆரன் ஸ்வார்ட்ஸ். வயது 14. இது மீசை முளைத்தவர்களோடு சரிக்குச் சரி வாதாடிய 14!

கடைசியில் ஜெயித்தது எளிமை. 2002 செப்டம்பரில் வைனர் கொடுத்த வடிவம்தான் பரவலாக நிலைத்தது. அதே ஆண்டு நவம்பரில் 'நியூயார்க் டைம்ஸ்' தன் செய்திகளை இந்த வழியில் தர ஆரம்பித்தது. மறு ஆண்டு வைனர் இதன் உரிமையை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஒரு ஆய்வு மையத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். ஆக, எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாத பொதுச் சொத்து.

2005-ல் கூகுள் ரீடர் வந்தது. இலவசம். படிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு அது காலைக் காபி மாதிரி. ஆனால் மறு ஆண்டே ஃபேஸ்புக் 'நியூஸ் ஃபீட்' என்று ஒன்றைத் திறந்தது. பெயரில் அதே 'ஃபீட்'தான். உள்ளே விஷயம் நேர் எதிர். ஓட்டலில் மெனு பார்த்து ஆர்டர் செய்வது ஒன்று. பந்தியில் உட்கார்ந்து, பரிமாறுகிறவர் போடுவதைச் சாப்பிடுவது இன்னொன்று. எவ்வளவு நேரம் உங்களை உட்கார வைக்கலாம் என்பதுதான் பரிமாறுகிறவர் போடும் கணக்கு. உட்கார்ந்த நேரத்துக்குத்தான் விளம்பரக் காசு.

வரவு செலவு தெரிந்தவர்களுக்கு அடுத்து நடந்தது ஆச்சரியம் தராது. 2013 மார்ச்சில், உபயோகிப்பவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று காரணம் சொல்லி, ரீடரை மூடப்போவதாக கூகுள் அறிவித்தது. ஜூலை 1, கடைசி நாள். அந்த ஆண்டு ஜனவரியில்தான் ஆரன் ஸ்வார்ட்ஸ் இறந்துபோயிருந்தார். ஆராய்ச்சிக் கட்டுரைகளை மொத்தமாக டவுன்லோடு செய்ததற்காக அமெரிக்க அரசு தொடுத்த வழக்கு தலைக்கு மேல் நின்றபோது, 26 வயதில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

'ஆர்.எஸ்.எஸ். செத்துப்போச்சு' என்று பலரும் எழுதினார்கள். சாகவில்லை. மூடியது ஒரு கடை. தெரு அப்படியே இருந்தது. வாசகர்கள் தங்கள் பட்டியலை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனார்கள். அறிவிப்பு வந்த 48 மணி நேரத்தில் ஐந்து லட்சம் பேர் தன்னிடம் வந்ததாகச் சொன்னது ஃபீட்லி. யாருக்கும் சொந்தமில்லாத பொருளில் உள்ள சௌகரியம் இதுதான். யாராலும் அதை இழுத்து மூட முடியாது.

இன்று நீங்கள் காதில் மாட்டிக்கொண்டு கேட்கும் பாட்காஸ்ட் பெரும்பாலும் இந்த ஃபைல் வழியாகத்தான் வருகிறது. வேர்ட்பிரஸ்ஸில் ஓடும் எந்தத் தளமும் கேட்காமலேயே இதைத் தயாரித்து வைக்கிறது. ஆகவே, ஒரு ரீடரை இறக்கிக்கொள்ளுங்கள். இரண்டு நாளிதழ், உங்கள் தொழில் சம்பந்தமாக மூன்று, ஆசைக்கு நாலு என்று தளங்களைச் சேருங்கள். பத்து போதும்.

பத்தாவது இடத்தில், உங்களுக்குக் கொஞ்சமும் ஒத்துப்போகாத ஒருவரைப் போடுங்கள். பிடித்ததை மட்டுமே பொறுக்கி வைத்தால் அது பத்திரிகை ஆகாது, கண்ணாடி. நல்ல ஆசிரியர் எவரும் தனக்குப் பிடித்ததை மட்டும் அச்சடிப்பதில்லை. அந்த நாற்காலியில் இப்போது நீங்கள்தானே உட்கார்ந்திருக்கிறீர்கள்?