ஒற்றையடிப் பாதைக்கு உரித்தாளர் யார்?

பொரளைச் சந்தியிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் கொட்டா வீதி, தன் பெயரிலேயே ஒரு பழைய இராசதானியைச் சுமந்து நிற்கிறது. கொழும்புத் துறைமுகத்திலிருந்து கோட்டே நகருக்குப் பத்துக் கிலோமீற்றர் அளவே தூரம். வேகமாக நடப்பவர் இரண்டு மணித்தியாலத்திற் போய்விடலாம். ஆனால் முதன்முதல் இங்கு வந்திறங்கிய போர்த்துக்கேயத் தூதருக்கு அந்தத் தூரத்தைக் கடக்க மூன்று நாள்கள் பிடித்தன என்று கதை வழங்குகிறது. பாடநூல்கள் 1505 என்கின்றன. 1506 என்பாரும் உளர். அரசனின் ஆட்கள் தூதரைக் காடும் மேடும் சதுப்பும் சுற்றி அழைத்துச் சென்றார்களாம், தலைநகர் கடற்கரையிலிருந்து வெகு தொலைவில் இருக்கிறதென்று அந்நியர் நம்பவேண்டும் என்பதற்காக. இன்றும் சுற்றிவளைத்துப் போகிறவரைப் பார்த்து, 'பறங்கி கோட்டேக்குப் போனதுபோல' என்று சிங்கள மக்கள் சொல்வார்கள்.

இந்த உபாயம் அதிக காலம் செல்லவில்லை என்பது வேறு கதை. பாதை எங்கே ஓடுகிறது என்று அறிந்தவன் கையில் அன்று அதிகாரம் இருந்தது என்பதே நமக்கு வேண்டியது. அதன் பின்னர் வந்த நூற்றாண்டுகளில், பாதையை அறிந்தவனிடமிருந்த அதிகாரம் பாதையை அடைக்கக்கூடியவனிடம் போய்ச் சேர்ந்தது.

யாழ்ப்பாணத்தவர்க்குப் பாதை உரிமை என்பது பால்குடி நாளிலேயே தெரிந்த விடயம். வேலிக்கும் வேலிக்கும் நடுவே ஓடும் ஒழுங்கை, அதனிற் சிறிய கையொழுங்கை, வேலியைத் தாண்டக் கடப்பு, வளவுக்குப் படலை என்று எத்தனை சொற்கள்! காணி உறுதியை விரித்தால் நிலத்தின் பரப்பும் எல்லையும் மாத்திரமா இருக்கும்? கிணற்றிற் பங்கும், வழி வாய்க்கால் உரிமையும் எழுதப்பட்டிருக்கும். ஒரு முழ அகல வழிக்காக இரண்டு தலைமுறை வழக்காடிய குடும்பங்கள் உண்டு. அதைப் பார்த்துச் சிரிப்பது எளிது. கிணற்றடிக்குப் போக வழியற்றவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

வழிப்போக்கனை மதித்த சமூகம் அது என்பதற்குத் தெருவோரக் கற்களே சாட்சி. தலைச்சுமையை ஒருவர் துணையின்றி இறக்கி வைக்கச் சுமைதாங்கி, மாடு உடம்பை உரஞ்சிக்கொள்ள ஆவுரோஞ்சிக் கல், நீருக்குக் கேணி, இராத் தங்க மடம். சிங்களக் கிராமங்களில் இதே பணியை அம்பலங்கள் செய்தன. நடப்பவனுக்கு நிழலும் நீரும் கொடுப்பது தருமம் என்று இரு சாராரும் கருதினர். அதற்குச் சட்டம் தேவைப்படவில்லை.

சட்டம் ஒல்லாந்தரோடு வந்தது. நமது நீதிமன்றங்கள் இன்றும் பின்பற்றும் உரோம ஒல்லாந்தச் சட்டம், பிறர் நிலத்தினூடே செல்லும் உரிமையை மூன்றாகப் பகுக்கிறது: காலால் நடக்கும் உரிமை, மந்தையை ஓட்டும் உரிமை, வண்டில் விடும் உரிமை. பிறர் காணியூடாகப் பத்தாண்டுகள் இடையறாது, உத்தரவு கேளாது, உரிமையாகவே நடந்து வந்தவர், 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி அந்த வழிக்கு உரித்துக் கோரலாம். நல்ல சட்டந்தான். ஆயினும் அது ஒருவர் தம் காணிக்குப் போகும் வழியைக் காப்பதற்கு ஏற்பட்டது. காணியே இல்லாதவன் என்ன செய்வான்? ஊரெல்லாம் நடந்த பாதைக்கு யார் உறுதி முடிப்பது?

கதிர்காமப் பாதையை எடுத்துக்கொள்வோம். வடக்கே செல்வச் சந்நிதியிலிருந்து புறப்பட்டு, முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில் என்று கிழக்குக் கரையோரமாக இறங்கி, உகந்தை முருகனைக் கும்பிட்டுக் காட்டுக்குட் புகுந்து நாலைந்து நாள் நடந்து கதிர்காமம் சேர்வது வழக்கம். இந்தக் காட்டுப் பகுதியில் யால 1938இல் தேசியப் பூங்காவாகியது. அதற்குக் கிழக்கேயுள்ள பகுதி, இன்று குமண என அழைக்கப்படுவது, 1970இல் அவ்வாறாகியது. பூங்காவுக்கு முன்பே பாதை இருந்தது. ஆயினும் இன்று ஆண்டுதோறும் குறித்த சில நாள்களுக்கே காட்டுப்பாதை திறக்கப்படுகிறது. திறக்கும் திகதி அறிவிக்கப்படும்வரை அடியார்கள் காத்திருக்க வேண்டும். காட்டையும் காட்டு விலங்கையும் காப்பது தேவையில்லை என்று யாரும் சொல்லார். முற்காலத்தில் உரிமையாக நடந்த வழி, இப்போது அனுமதியால் நடக்கும் வழியாகிவிட்டது என்பதைத்தான் கவனிக்கவேண்டும்.

பிரித்தானியர் காலத்திலும் இந்தத் தடை வேறு உருவில் இருந்தது. வாந்திபேதி பரவுகிறது என்று காரணங் காட்டி, கதிர்காம யாத்திரையை அரசாங்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் கட்டுப்படுத்தியது. கொழும்புச் செட்டியார் தெருவின் ஆடிவேல் விழா, கதிர்காமம் போக முடியாத அந்நாளில், 1874 அளவில், தொடங்கியது எனக் கூறுவர். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி நேயர்கள் காலி வீதியிற் கண்டு கும்பிடும் வேல் இரதத்துக்குப் பின்னால் அடைக்கப்பட்ட ஒரு காட்டுப்பாதை கிடக்கிறது.

இனி வடக்குப் பாதைக்கு வருவோம். இந்தத் தீவிலே தமிழர் நடந்த பாதைகளில் இதுவே மிகத் துயரமானது. எழுதப்பட்ட வரலாறுகளில் இதற்கு உரிய இடம் நெடுங்காலம் கிடைக்கவில்லை.

கண்டிச் சீமையிற் கோப்பிப் பயிர்ச்செய்கை 1820களில் தொடங்கி, அடுத்த இரு தசாப்தங்களில் மலைகளையெல்லாம் மூடியது. வேலைக்குத் தென்னிந்தியாவிலிருந்து ஆள் திரட்டினர். இராமநாதபுரக் கரையிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கியவர்கள், அங்கிருந்து மதவாச்சி, தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளை வரை நடந்தனர். ஏறத்தாழ நூற்றைம்பது மைல். நாளொன்றுக்குப் பத்து மைல் என்றாலும் அரை மாத நடை. கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, பருவம் முடிய ஊர் திரும்பியவர்கள் பலர். ஆகையால் அதே காட்டை ஆண்டுக்கு இரு முறை கடந்தனர்.

முன்னே கங்காணி, பின்னே அவனிடம் முன்பணம் வாங்கிய கூட்டம். தலையிற் சட்டி பானை, இடுப்பிற் பிள்ளை. வன்னியின் வறண்ட காட்டிலே நீர் கிடைப்பது அரிது. கிடைத்த குளத்து நீரோ காய்ச்சலைக் கொடுத்தது. வாந்திபேதியும் அம்மை நோயும் கூட்டங்கூட்டமாகக் கொன்றன. நடக்க முடியாதவர் மரநிழலில் விடப்பட்டனர். கூட்டம் நின்றால் எல்லோரும் சாவர் என்பதாலே நிற்கவில்லை. 1840களில் இவ்வாறு மடிந்தோர் தொகையைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் இன்றும் முரண்படுகிறார்கள். வந்தவரைக் கணக்கிட்டோர் கூட இறந்தவரைச் சரிவரக் கணக்கிடவில்லை. முரண்பாட்டுக்கு அதுவே காரணம். தோட்டத் துரைமார்க்கு வந்து சேர்ந்த ஆளின் தொகைதான் தேவைப்பட்டது.

பிற்பாடு அரசாங்கம் வழியிலே கிணறுகளும் கொட்டகைகளும் மருத்துவ நிலையங்களும் அமைத்தது. இரக்கம் ஒரு பங்கு என்றால், ஆள் குறைந்தால் கோப்பி கொடியிலேயே கருகும் என்ற கவலை மூன்று பங்கு என்பது என் கணிப்பு. கொடி என்று சொன்னது தவறாகாது என நம்புகிறேன். கோப்பி செடியென்று தாவரவியலார் திருத்தினால் திருத்தட்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவோடு வடக்குப் பாதை கைவிடப்பட்டது. தூத்துக்குடியிலிருந்து கப்பலில் கொழும்புக்கும், அங்கிருந்து புகைவண்டியில் மலைநாட்டுக்கும் ஆட்கள் கொண்டுசெல்லப்பட்டனர். 1914இல் தலைமன்னார் வரை இருப்புப்பாதை வந்தபோது, பாட்டன் நடந்த காட்டைப் பேரன் புகைவண்டியின் சாளரத்தினூடே பார்த்துச் சென்றிருப்பான்.

பாதை முடிகிற மாத்தளையில் முத்துமாரியம்மன் கோயில் கொண்டிருக்கிறாள். அம்மை நோயின் தெய்வத்தை அந்தப் பாதையின் முடிவில் வைத்து வணங்கியதன் பொருளை விளக்கத் தேவையில்லை. அதே மாத்தளையில்தான் 1848ஆம் ஆண்டு யூலை மாதத்தில் சிங்களக் குடியானவர் கிளர்ந்தெழுந்தனர். டொரிங்டன் தேசாதிபதி விதித்த வரிகளுள் ஒன்று தெருவரி. வயதுவந்த ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் தெரு வேலை செய்யவேண்டும், அல்லது அதற்கீடாகப் பணம் கட்டவேண்டும். கோப்பி மூடைகள் இறங்குவதற்கான தெருவைக் கோப்பித் தோட்டமில்லாதவன் ஏன் வெட்டவேண்டும் என்று அவன் கேட்டது நியாயமே. புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டான். ஒரே தெருவுக்காக ஒரு சாரார் வரியால் வதைபட, மறுசாரார் அதில் நடந்தே மாண்டனர். இரு சாராரும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ள வாய்ப்பு ஏற்படவில்லை.

உயிரோடு மலையேறியவர்க்கு அங்கே வேறொரு பாதைப் பிரச்சினை காத்திருந்தது. தோட்டம் தனியார் சொத்து. லயத்துக்குப் போகும் வழியும் துரையின் சொத்து. தொழிலாளியைப் பார்க்க உறவினர் வந்தாலும் உத்தரவு வேண்டும். தொழிற்சங்கத்தார் வந்தால் அத்துமீறிப் பிரவேசித்த குற்றம். தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் தோட்டத்து நிலைமையைக் கண்ணால் காண விரும்பியபோது, புடவை வியாபாரியாக வேடமிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார் என்பது மலையகம் நன்கறிந்த வரலாறு. சேலை விற்பவனுக்குத் திறந்த வழி, சேதி கேட்பவனுக்கு மூடியிருந்தது. 1931இல் அவர் தொழிலாளர் சம்மேளனம் அமைத்தார். மனைவி மீனாட்சியம்மாள் தோட்டந்தோறும் பாடிச் சென்றார்.

ஏறக்குறைய அதே வேளையில், துரைமாரின் தாயகத்திலும் இதே வழக்கு நடந்தது. மான்செஸ்டர் நகர ஆலைத் தொழிலாளர், ஞாயிற்றுக்கிழமைகளில் மலைப்புறம் நடக்க ஆசைப்பட்டனர். வேட்டைப் பறவைக்காக மலையைப் பூட்டி வைத்திருந்தனர் பிரபுக்கள். 1932 ஏப்ரல் 24ஆம் திகதி, பென்னி றொத்மன் என்னும் இளைஞர் தலைமையில் நூற்றுக்கணக்கானோர் கிண்டர் ஸ்கௌட் மேட்டில் ஏறினர். ஐவர் சிறை சென்றனர். அத்துமீறல் அங்கு குற்றமாகாது என்பதால், கலகம் போன்ற குற்றச்சாட்டுகளின் பேரிலேயே தண்டித்தனர். 1949ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்திலும் வேல்சிலும் பொது நடைபாதைகளை வரைபடத்திற் குறிக்கும் கடமையை உள்ளூராட்சி மன்றங்களிடம் விட்டது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் மேட்டு நிலங்களில் உலாவும் உரிமையையே தந்தது. வீட்டில் வென்ற உரிமையைக் குடியேற்ற நாட்டுத் தோட்டத்திலே அவர்கள் இறக்கிவைக்கவில்லை.

இப்போது மலையகத்திற் புதுக்காட்சி ஒன்று. ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை, முந்நூறு கிலோமீற்றருக்கு மேல், 22 பகுதிகளாக வகுத்து 'பீக்கோ' நடைவழி என்ற ஒன்றை உல்லாசப் பயணிகளுக்கென அமைத்திருக்கிறார்கள். கொழுந்து மூடை இறங்கிய பழைய தோட்டப் பாதைகளே அவை. வெளிநாட்டார் கைத்தடியூன்றி நடக்கிறார்கள், நடக்கட்டும், நல்லது. தேநீர்க் கடை வைத்தவர்க்கு நாலு காசு கிடைக்கும். ஆனால் அந்தப் பாதையோர லயங்களில் ஐந்து தலைமுறையாக வாழ்வோரிற் பெரும்பாலோருக்கு, தம் வாசலுக்குப் போகும் குறுக்குப் பாதையின் மீதோ, வாசலின் மீதோ எழுத்தில் உரிமை இல்லை. பத்தாண்டு நடந்தவன் உரித்துக் கோரலாம் என்று மேலே சொன்னோமே, தோட்டத்தில் நிருவாகத்தின் அனுமதியால் நடந்தவனுக்கு அது உதவாது. உத்தரவின் பேரில் எத்தனை தலைமுறை நடந்தாலும் அது உரிமையாக முதிர்வதில்லை.

2023ஆம் ஆண்டு, மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்த இருநூறாவது ஆண்டாக நினைவுகூரப்பட்டது. அவ்வாண்டு யூலை 28ஆம் திகதி தலைமன்னாரிற் புறப்பட்ட ஒரு நடைபயணக் குழு, பழைய வடக்குப் பாதையை ஒட்டி நடந்தது. காணியும் வீடும் சம உரிமையும் கேட்டு நடந்தவர்கள் அவர்கள். வழியில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் சேர்ந்துகொண்டனர். இம்முறை பாதை தார் போட்ட நெடுஞ்சாலை. நீர் போத்தலில் இருந்தது. நோயுற்றவரை ஏற்ற வண்டி இருந்தது. பதினாறாம் நாள், ஓகஸ்ட் 12ஆம் திகதி, மாத்தளையை அடைந்தனர்.