சதுரங்க விதிகளும் கல்கத்தா நகரமும்

மேசைமீது படைகளை நிறுத்திப் போர் புரியும் விளையாட்டுகள் அனைத்திற்கும் ஓர் இயல்பு உண்டு. காய்கள் எளிதில் கிடைத்துவிடும். விதிகளில்தான் வழக்கு எழும். ஒரு வீட்டில் செல்லும் விதி அடுத்த வீட்டில் செல்லாது. காலாள் முதல் நகர்வில் இரண்டு கட்டம் போகலாமா, அரசன் குதிரையைப்போல் தாவலாமா என்று திண்ணைகளில் எழும் வாதங்களை நாம் அறிவோம். படைப் போரின் சாயலாகிய சதுரங்கத்தைக் குறித்து இத்தகைய வழக்கு கல்கத்தா நகரில் இருமுறை எழுந்து, உலக ஆட்டத்தின் வரலாற்றிலும் இடம் பெற்றது. அதனையே இங்கு ஆராய்வோம்.

முதல் வழக்கு 1790ஆம் ஆண்டைச் சேர்ந்தது. உச்ச நீதிமன்ற நீதிபதியாக விளங்கிய சர் வில்லியம் ஜோன்ஸ், 1784இல் கல்கத்தாவில் ஆசியச் சங்கத்தை நிறுவியவர். இந்தியச் சதுரங்கத்தைப் பற்றி அச்சங்கத்தின் ஆராய்ச்சி வெளியீட்டின் இரண்டாம் தொகுதியில் அவர் ஒரு கட்டுரை வரைந்தார். ராதாகாந்தர் என்னும் பண்டிதர் அவருக்கு ஒரு வடமொழிப் பகுதியைக் காட்டினார். வியாசர் யுதிஷ்டிரருக்கு நான்கு பேர் ஆடும் சதுரங்கத்தை விளக்குவதாக அது அமைந்துள்ளது. அப்பகுதி நவத்வீபத்து ரகுநந்தனர் 16ஆம் நூற்றாண்டில் இயற்றிய திதிதத்துவம் என்னும் தரும நூலில் உள்ளதெனப் பிற்கால அறிஞர் கண்டனர். விரதங்களை வகுத்த நூலாசிரியர் விளையாட்டின் விதிகளையும் வகுத்தது வியப்பன்றோ!

அவ்விதிகள் வருமாறு: ஒவ்வொருவருக்கும் அரசன், யானை, குதிரை, படகு, காலாட்கள் நால்வர் என எட்டுக் காய்கள். எக்காயை நகர்த்துவதென்பதைப் பகடை தீர்மானிக்கும். ஐந்து விழுந்தால் அரசனோ காலாளோ நகரலாம். நான்குக்கு யானை, மூன்றுக்குக் குதிரை, இரண்டுக்குப் படகு. இத்துடன் நில்லாது, ஐயம் எழக்கூடிய இடங்களுக்கும் விளக்கம் தரப்பட்டுள்ளது. காலாளும் படகும் பகைவரை வீழ்த்தலாம், தாமாகவே வீழவும் இடந்தரலாம்; அரசனும் யானையும் குதிரையும் பகைவரை வீழ்த்தலாமேயன்றித் தம்மைப் பலியிடலாகாது. மாற்றரசனின் இருக்கையைக் கைப்பற்றினால் அதற்குச் சிம்மாசனம் என்று பெயர். இராமன் இலங்கையை முற்றுகையிட்டபோது இராவணனின் மனத்தைத் தேற்ற அவன் மனைவி இவ்விளையாட்டை உண்டாக்கினாள் என்ற கதையையும் ஜோன்ஸ் பதிவு செய்துள்ளார்.

எனினும் ஒன்றை மட்டும் அவர் ஏற்கவில்லை. தேருக்குப் பதிலாகப் படகா? யானையும் குதிரையும் காலாளும் பொருதும் களத்தில் படகுக்கு என்ன வேலை? இது பொருந்தாத செயல் என்று அவர் கடிந்துரைத்தார். நாம் அவருடன் உடன்படுவதற்கில்லை. ஆறுகள் பலவாகப் பிரிந்து கடலை நாடும் வங்க நாட்டில் தேர் ஓடும் நிலம் எங்கே? வங்கரின் படகுப் படையைக் காளிதாசரே ரகுவம்சத்தில் குறிப்பிடுகிறார். முகலாயர் ஆட்சியிலும் வங்காளத்தில் நவாரா என்னும் போர்ப்படகுப் படை இருந்தது. ஆகவே அவ்விதியை வகுத்தவர் தம் நாட்டுப் போரைக் கண்டறிந்தே வகுத்தார். நம் வீடுகளில் சிலர் யானை என்றும், சிலர் கோட்டை என்றும் கூறும் மூலைக்காயை வங்காளியர் இன்றும் நௌகா என்றே அழைக்கின்றனர்.

இரண்டாம் வழக்கு, அடுத்த நூற்றாண்டில் இருவர் ஆடும் சதுரங்கத்தைப் பற்றி எழுந்தது. ஜான் காக்ரேன் கல்கத்தாவில் பாரிஸ்டர். ஐரோப்பாவிலும் பெயர் பெற்ற ஆட்டக்காரர். நாட்டுப்புறத்தில் தோல்வியே காணாதவர் என்று புகழப்பட்ட மகேஷ்சந்திர பந்தோபாத்தியாயர் 1848இல் அவருக்கு எதிரே அமர்ந்தார். இருவரும் கற்ற விதிகள் வெவ்வேறு. நாட்டு முறையில் காலாள் எப்போதும் ஒரு கட்டமே செல்லும். கடைசி வரிசையை அடைந்தால் அவ்விடத்திற்குரிய காயின் பதவியையே பெறும். அரசன் கோட்டை கட்டிக்கொள்வதில்லை. முற்றுகைக்கு ஆளாகாதிருப்பின் ஒருமுறை குதிரையைப்போல் தாவலாம். ஐரோப்பிய முறையில் இவை யாவும் வேறு.

யாருடைய விதியின்படி ஆடுவது? நமக்குக் கிடைத்துள்ள ஆட்டங்கள் ஐரோப்பிய விதிப்படி ஆடப்பட்டவை. விட்டுக்கொடுத்தவர் மகேஷ்சந்திரரே. புதிய விதிகளை முதிர்ந்த பின்னர் கற்று, தேர்ந்த வல்லுநரோடு அவர் மோத வேண்டியிருந்தது. ஆனால் விதிகளை மாற்றிக்கொண்டவர் தம் போர்முறையை மாற்றவில்லை. காலாட்களை ஓரொரு கட்டமாக நகர்த்தி, நடுக்களத்தை எதிரிக்கு விட்டு, பக்கத்திலிருந்து தாக்கினார். 1855இல் காக்ரேனுக்கு எதிராக அவர் ஆடிய தொடக்கத்தை, 67 ஆண்டுகள் கழித்து 1922இல் ஆஸ்திரியரான குருன்ஃபெல்டு கையாளவே, அது அவர் பெயரால் வழங்கலாயிற்று. எனினும் இத்தகைய தொடக்கங்களின் பெருங்குடும்பத்திற்கு இந்தியத் தற்காப்பு என்ற பெயர் நிலைத்தது. அப்பெயர் கல்கத்தா ஆட்டங்களிலிருந்து பிறந்தது.

பஞ்சாபைச் சேர்ந்த மீர் சுல்தான்கானும் நாட்டு விதிகளில் பயின்றவரே. ஐரோப்பிய விதிகளைப் பின்னர் கற்று, 1929, 1932, 1933 ஆகிய ஆண்டுகளில் பிரித்தானிய வாகைப்பட்டத்தை வென்றார்.

உலக அளவில் போட்டிகள் நடக்கவேண்டுமாயின் ஒரே விதி வேண்டும் என்பதில் ஐயமில்லை. அதற்காக 1924இல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பும் தோன்றியது. ஆனால் நாட்டு விதி பிழையன்று. அதுவும் முறையாக வகுக்கப்பட்ட விதியே. ரகுநந்தனரின் நூலில் எழுதப்பட்டது நின்றது. திண்ணையில் வாய்மொழியாக இருந்தவற்றுள் பல மறைந்தன. நம் வீடுகளில் முதியோர் அறிந்த விதிகள் இன்னும் எஞ்சியிருப்பின், அவர்களைக் கேட்டு இன்றே எழுதி வைப்போமாக. ஆடத் தொடங்குமுன் எவ்விதியின்படி ஆடுகிறோம் என்று இரு தரப்பினரும் ஒப்பி உரைப்பதும் நன்று. பாதி ஆட்டத்தில் எழும் வழக்கிற்குத் தீர்ப்பளிக்க எந்த நீதிபதியும் வரமாட்டார்.