நம்பெருமாள் என்ற பெயர் வந்த கதை

திருவந்திபுரத்தில் வேதாந்த தேசிகர் வெட்டியதாகச் சொல்லப்படும் கிணறு இன்றும் இருக்கிறது. அவர் காலத்தில்தான், 1323-இல், டெல்லிப் படை ஸ்ரீரங்கத்தைச் சூறையாடியது. உற்சவரைப் பிள்ளை லோகாசாரியர் குழுவினர் எடுத்துச் சென்றனர். சுதர்சன சூரியின் இரு பிள்ளைகளையும் அவருடைய 'சுருதப்பிரகாசிகை' சுவடியையும் தேசிகர் காப்பாற்றினார் என்பது மரபு.

1371-இல் விஜயநகரத் தளபதி கோபண்ணா உற்சவரைத் திரும்பக் கொண்டுவந்தார். ஆனால் கோயிலில் அதற்குள் வேறொரு உற்சவர் இருந்தார். எது பழைய திருமேனி? 48 ஆண்டுகளில், பார்த்தவர்களில் பெரும்பாலோர் மறைந்துவிட்டனர். பெருமாளின் ஆடைகளை வெளுத்துவந்த, பார்வையிழந்த முதியவர் ஒருவர் முன்வந்தார். இரு திருமேனிகளுக்கும் திருமஞ்சனம் செய்தார்கள். ஈர ஆடையின் மணத்தை வைத்து, "இவரே நம் பெருமாள்" என்றாராம்.

கைங்கரியம் என்றாலே நமக்கு அர்ச்சகர்தான் நினைவுக்கு வருகிறார். அரங்கனை இன்று எல்லோரும் அழைக்கும் பெயரோ, ஒரு சலவைத் தொழிலாளி சொன்னது.